ஆற்றில் விட்டாலும் அளந்து விட வேண்டும்

சென்ற வைகாசியில் மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவர்களை அழைத்துக்கொண்டு வைகைக் கரைக்குப் போயிருந்தேன். மதுரை நகருக்குள்ளிருந்து வரும் வாய்க்கால் ஒன்று ஆற்றில் விழும் இடம் அது. மேலிருந்து வரும் நீர் என்று எதுவும் இல்லை. மணல், நாணல், சீமைக் கருவேலம், நடுவில் வாய்க்கால் கொண்டுவந்து கொட்டிய கறுப்பு நீர் ஓடிய தடம். அவ்வளவுதான் அன்றைய வைகை.

300 மில்லி பிடிக்கும் கண்ணாடிப் புட்டியைக் குமிழி விழாமல் நிரப்பினோம். மாங்கனீசு சல்பேட் கரைசலைக் கொஞ்சம் விட்டு, அதன் பின்னால் கார அயோடைடு கரைசலையும் விட்டு, மூடியை அழுத்திப் பொருத்தி, புட்டியை நான்கைந்து முறை தலைகீழாகப் புரட்டினோம். நீரில் ஆக்சிஜன் கரைந்திருந்தால் உள்ளே காப்பித்தூள் நிறத்தில் ஒரு படிவு மெல்ல இறங்கும். முதல் நாள் கல்லூரிக் குழாய் நீரில் செய்து பார்த்தபோது அப்படித்தான் இறங்கியது. ஆற்றங்கரையில் இறங்கியதோ வடித்த கஞ்சியைப்போல வெள்ளை. ஆக்சிஜன் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். மாணவர்கள் புட்டியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். யாரும் பேசவில்லை.

திரும்பும் வழியில் ஒரு மாணவி கேட்டாள்: “இது சுத்திகரிக்காத சாக்கடை, சரி. ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்கப் போனபோது, வெளியே விடும் தண்ணீரில் பி.ஓ.டி. 30க்குள் இருக்க வேண்டும் என்று சொன்னார்களே, அந்த 30 எங்கிருந்து வந்தது சார்? ஏன் 29 இல்லை, ஏன் 300 இல்லை?”

அன்று பஸ்ஸில் வந்த அரைமணி நேரத்தில் என்னால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வேதியியல் படிக்காதவர்களும் பின்தொடரும்படியே எழுத முயல்கிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் பி.ஓ.டி. என்ற அந்தச் சொல். உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை என்பது பாடநூல் பெயர். சோற்றுக் கழுநீர், மலம், எண்ணெய்ப் பிசுக்கு எதுவானாலும் நீரில் கலந்தவுடன் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கும். தின்னும்போது அவை மூச்சுவிட வேண்டும். அந்த மூச்சுக்கான ஆக்சிஜனை நீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மீனுக்கும் அதே ஆக்சிஜன்தான். ஒரு லிட்டர் நீரில் உள்ள அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்கள் எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜனை இழுக்கும் என்பதுதான் பி.ஓ.டி. அழுக்கின் எடையை நேரடியாகச் சொல்லாமல், அது ஆற்றிடம் வாங்கப்போகும் கடனைச் சொல்லும் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் இதை 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்து அளக்கிறார்கள். மேல்நாடுகளில் 20 டிகிரியில் ஐந்து நாள். ஐந்து நாள் என்ற வழக்கம் இங்கிலாந்தில் பிறந்தது. அந்த நாட்டு ஆறுகள் எதுவும் கடலைச் சேர ஐந்து நாளுக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை என்பதால் அப்படி வைத்தார்கள் என்று சொல்வதுண்டு. நம் வெயிலுக்கு நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்னும் என்பதால் இங்கே மூன்று நாள். அளக்கும் முறையை நம் ஊர் வெப்பத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டோம். அளந்து வைக்கும் வரம்பையும் அதேபோல் நம் ஆற்றுக்கு ஏற்ப மாற்றியிருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

வீட்டுச் சாக்கடையில் இந்த பி.ஓ.டி. எவ்வளவு இருக்கும்? நம் நாட்டுப் பொறியாளர்கள் வடிவமைப்புக்காகப் பயன்படுத்தும் கணக்கு எளிமையானது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 27 கிராம். குடிநீர் வழங்கல் ஆளுக்கு 135 லிட்டர். அதில் நூற்றுக்கு எண்பது சாக்கடைக்குத் திரும்பும் என்றால் 108 லிட்டர். 27 கிராமை 108 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 250 மில்லிகிராம். ஆக, சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலுக்கு வருவது 250. வெளியே போக வேண்டியது 30. நடுவில் நடப்பது அந்த நிலையத்தின் வேலை.

இனி அந்த 30. உலகில் எங்கே போனாலும் கழிவுநீர் வரம்புகள் இரண்டு வழிகளில்தான் பிறக்கின்றன. ஒன்று, இயந்திரத்தைப் பார்த்துக் கேட்பது: நன்றாகக் கட்டி ஒழுங்காக நடத்தப்படும் நிலையம் ஒன்றால் எவ்வளவு சுத்தம் செய்ய முடியும்? இன்னொன்று, ஆற்றைப் பார்த்துக் கேட்பது: இந்த நீர் எவ்வளவு அழுக்கைத் தாங்கும்? முதல் கேள்விக்கு நாடு முழுதும் ஒரே விடை சொல்லலாம். இரண்டாவது கேள்விக்கு ஒவ்வோர் ஆற்றுக்கும், ஒவ்வொரு கண்மாய்க்கும், ஏன், ஒவ்வொரு பருவத்துக்கும் தனி விடைதான். இரண்டு விடைகளில் எது கடுமையோ அதையே வரம்பாக வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டம் இந்த இரண்டையும் அடுத்தடுத்த படிகளாகவே வைத்திருக்கிறது. நகராட்சி நிலையங்கள் எல்லாவற்றுக்கும் மாதச் சராசரி 30, வாரச் சராசரி 45, உள்ளே வந்த அழுக்கில் நூற்றுக்கு 85 நீங்கியிருக்க வேண்டும் என்பது முதல் படி. அதன் பிறகும் ஆறு தேறவில்லை என்றால், அந்த ஆற்றுக்காகக் கணக்குப் போட்டு இன்னும் இறுக்குவது இரண்டாம் படி.

நம் நாட்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபரில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கென்று ஓர் அறிவிக்கை வெளியிட்டது. சென்னை, மும்பை போன்ற மாநகரங்களுக்கும் பெரும்பாலான மாநிலத் தலைநகரங்களுக்கும் பி.ஓ.டி. 20, மிதக்கும் திடப்பொருள் 50. மற்ற ஊர்களுக்கு பி.ஓ.டி. 30, திடப்பொருள் 100. மலக்கிருமிகள் எல்லா ஊருக்கும் 100 மில்லி நீரில் 1,000க்குக் கீழ். அமில கார அளவு (pH) 6.5 முதல் 9 வரை. மதுரை இந்தப் பட்டியலில் ‘மற்ற ஊர்’. பின்னர் 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பெருநகரங்கள் மட்டுமன்றி எல்லா ஊர்களுக்கும் பி.ஓ.டி. 10, திடப்பொருள் 20, மொத்த நைட்ரஜன் 10 என்று இன்னும் கடுமையான எண்களைச் சொன்னது.

30, 20, 10. மூன்று எண்களையும் மாணவர்களிடம் எழுதிக் காட்டினால் உடனே எது சரி என்றுதான் கேட்கிறார்கள். ஆற்றைச் சொல்லாமல் அதற்கு விடை சொல்ல முடியாது. ஏன் என்பதற்கு நூறு ஆண்டுக்கு முந்திய ஒரு கணக்கு இருக்கிறது.

இங்கிலாந்தில் சாக்கடைக் கழிவை ஆராய அமைத்த அரச ஆணையம் 1912இல் தன் எட்டாவது அறிக்கையில் ஒரு வரம்பைப் பரிந்துரைத்தது: பி.ஓ.டி. 20, திடப்பொருள் 30. உலகம் முழுவதும் அந்த எண்கள் பரவின. ஆனால் எண்களுடன் ஒட்டியிருந்த நிபந்தனை பல இடங்களுக்குக் கூடவே போகவில்லை. ஒரு பங்கு கழிவுநீருக்கு எட்டுப் பங்கு நல்ல ஆற்று நீர் இருந்தால்தான் அந்த 20 செல்லும் என்பதே அந்த நிபந்தனை.

குடத்தில் வைத்துப் பார்ப்போம். நல்ல ஆற்று நீரிலும் பி.ஓ.டி. 2 இருக்கும். எட்டுக் குடம் ஆற்று நீர்: எட்டு இரண்டு பதினாறு. ஒரு குடம் சுத்திகரித்த கழிவுநீர்: 20. கூட்டினால் 36. குடங்கள் ஒன்பது. 36ஐ 9ஆல் வகுத்தால் 4. ஆற்றில் பி.ஓ.டி. 4ஐத் தாண்டினால் ஆறு கெடத் தொடங்குகிறது என்று அந்த ஆணையம் கண்டிருந்தது. அந்த நான்கிலிருந்து பின்னோக்கி நடந்துதான் 20க்கு வந்தார்கள். அதாவது 20 என்பது குழாயின் வாயில் பிறந்த எண் அன்று. எட்டுக் குடம் நல்ல நீர் உள்ள ஓர் ஆற்றின் நடுவில் பிறந்த எண்.

இதே கணக்கை வைகைக்குப் போடுவோம். நம் நாட்டில் குளிக்கத் தகுந்த ஆற்று நீருக்கு பி.ஓ.டி. 3க்கு மேல் போகக்கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5க்குக் குறையக்கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். மேலிருந்து வரும் நீரில் 2 இருக்கிறது, கலந்த பிறகு 3ஐத் தாண்டக்கூடாது என்றால், ஒவ்வொரு குடம் நல்ல நீரும் கூடுதலாக ஒன்றைத்தான் சுமக்க முடியும். 30 உள்ள ஒரு குடம் கழிவுநீரில் மூன்றுக்கு மேல் மிகையாக இருப்பது 27. ஆகவே அதற்கு 27 குடம் நல்ல நீர் வேண்டும். 20 என்றால் 17 குடம். 10 என்றால் 7 குடம். வரம்பிலிருந்து மூன்றைக் கழித்தால் தேவையான குடங்கள். மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

மதுரையில் அவனியாபுரம், சக்கிமங்கலம் என்று இரண்டு பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. அவனியாபுரத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 12 கோடியே 50 லட்சம் லிட்டர். சக்கிமங்கலத்தில் 4 கோடியே 57 லட்சம் லிட்டர். சிறியதையே எடுத்துக்கொள்வோம். அந்த அளவு நீரை வினாடிக் கணக்கில் மாற்றினால் ஏறக்குறைய 19 கனஅடி. அதை 30 என்ற அளவில் ஆற்றில் விட வேண்டுமானால், ஆற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 500 கனஅடி நல்ல நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 10 என்ற அளவில் விட்டால் 130 கனஅடி போதும். வைகை அணையில் திறக்கும் நீரைச் செய்தித்தாளில் தினமும் பார்க்கும் மதுரைக்காரர்களுக்கு 500 கனஅடி என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. கல்பாலத்துக்குக் கீழே அப்படி நீர் ஓடும் நாட்களை நாம் விரல்விட்டு எண்ணுகிறோம். மற்ற நாட்களில் அங்கே நாங்கள் புட்டியில் பிடித்த நீர்தான்.

கலக்க நல்ல நீரே இல்லாதபோது கணக்கு என்ன சொல்லும்? பூஜ்யம் குடம் நல்ல நீர் என்றால், கழிவுநீரே ஆறு. அப்போது குழாயின் வாயிலேயே 3 இருக்க வேண்டும். 30 அன்று, 10கூட அன்று. இதைச் சொன்னால் சிலர் நடக்காத பேச்சு என்பார்கள். 3 என்பது செலவு மிகுந்த இலக்குதான், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் நீரை ஆற்றில் விடாமல் வேறு எதற்காவது பயன்படுத்தும் வழி, ஆற்றில் விடுவதற்கு முன் நாணல் வளர்த்த ஈரநிலத்தில் நிறுத்திவைக்கும் வழி எல்லாம் பேசப்படுகின்றன. ஆனால் கணக்கைப் போடாமலே 30 என்று எழுதிவிட்டால், அந்த வழிகளைத் தேட வேண்டிய கட்டாயமே யாருக்கும் வராது.

கணக்கைப் போடச் சொல்லி யாரும் சொல்லவில்லையா? சட்டமே சொல்லியிருக்கிறது. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மாநில வாரியத்தின் கடமைகளை அடுக்குகிறது. அவற்றில் ஒன்று: ஒரு குறிப்பிட்ட நீரோட்டத்தில் விடப்படும் கழிவுக்குத் தரம் வகுக்கும்போது, மழையில்லாக் காலத்தில் அந்த ஓடையில் கலக்கக் கிடைக்கும் மிகக் குறைந்த நீர் எவ்வளவு, கலந்த பிறகு அந்த ஓடை எவ்வளவு மாசைத் தாங்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஐம்பது ஆண்டுக்கு முந்திய சட்டம் இது. எழுதியவர்களுக்கு ஆறு தெரிந்திருக்கிறது. மத்திய அரசின் எண்களைவிடக் கடுமையான எண்களை மாநில வாரியம் வைத்துக்கொள்ளவும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் இடம் தருகின்றன. அதனால் ‘மேலிடம் 30 என்று சொல்லிவிட்டது, எங்கள் கையில் ஒன்றும் இல்லை’ என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

‘மிகக் குறைந்த நீர்’ என்பதைச் சராசரி நீர் என்று படித்துவிடக் கூடாது. ஐப்பசி வெள்ளத்தையும் சித்திரை வறட்சியையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் ஆறு எந்த நாளிலும் ஓடுவதில்லை. மீன் சாவது சராசரி நாளில் அன்று, மோசமான நாளில். அமெரிக்காவில் பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய, தொடர்ந்து ஏழு நாள் நீடிக்கும் மிகத் தாழ்ந்த ஓட்டத்தை எடுத்துக்கொண்டு வரம்பு வகுக்கும் வழக்கம் பரவலாக உண்டு. அந்த முறையில் மதுரைக்கு வைகையின் எண் என்ன வரும் என்று தெரிந்துகொள்ள நூலகத்துக்குப் போக வேண்டாம். கரைக்குப் போனால் போதும்.

இன்னொரு நுணுக்கம். ஆறு கெடுவது குழாய் விழும் இடத்தில் மட்டும் இல்லை. நுண்ணுயிர்கள் தின்னத் தின்னத்தான் ஆக்சிஜன் குறையும். அதற்குள் நீர் நகர்ந்துவிடும். மிக மோசமான இடம் கீழே எங்கோ, சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ தள்ளி இருக்கும். ஒஹாயோ ஆற்றை ஆராய்ந்து ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் என்ற இருவர் 1925இல் இதற்கு ஒரு சமன்பாடு தந்தார்கள். ஆக்சிஜன் எங்கே எவ்வளவு குழிந்து, எங்கே மீண்டும் ஏறும் என்று அதில் கண்டுபிடிக்கலாம். வெப்பம் கூடினால் குழி ஆழமாகும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஒன்பது மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். கையிருப்பு குறைவு, செலவோ வேகம். குளிர்நாட்டு எண்ணை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்வதில் உள்ள ஆபத்து இது.

பி.ஓ.டி.யைப் பற்றியே இவ்வளவு சொல்லிவிட்டேன். மற்றவற்றில் முக்கியமான இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று அம்மோனியா. 2017 அறிவிக்கையில் உள்ள நான்கு அளவுகளில் இது இல்லை. எல்லாக் கழிவுநீருக்கும் பொதுவான பழைய தரப் பட்டியலில் 50 மில்லிகிராம் வரை விட்டுவைத்திருக்கிறார்கள். நீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒரு வடிவம் மீனைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. மற்றது செவுளுக்குள் நுழைந்து கொல்லும். எந்த வடிவில் எவ்வளவு என்பதை வெப்பமும் அமில கார அளவும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரியில், அமில கார அளவு 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். 8 என்றால் ஏழெட்டுப் பங்கு. 9 என்றால் ஏறக்குறைய பாதி. கண்மாயில் பாசி மண்டினால் நடுப்பகலில் அந்த அளவு 9ஐ எட்டுவது சாதாரணம். காலையில் நன்றாக இருந்த கண்மாயில் மதியம் மீன் மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே அமில கார அளவு 9 வரை இருக்கலாம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு, அம்மோனியாவைப் பற்றி அடுத்த வரியில் ஒன்றும் எழுதாமல் விட்டால் அந்த அனுமதி அரைகுறை. நுரைக்குக் காரணமான டிடர்ஜென்ட் பொருள்களும் அந்த நான்கில் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மலக்கிருமி. இதில் ‘நூற்றுக்கு 99 சுத்தம்’ என்ற பேச்சு எடுபடாது. சாக்கடை நீரில் 100 மில்லிக்கு ஒரு கோடி என்ற அளவில் இருப்பது வழக்கம். நூற்றுக்கு 99 கொன்றாலும் மிஞ்சுவது ஒரு லட்சம். 1,000க்கு வர வேண்டுமானால் பத்தாயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சலாம். குளிக்கும் நீருக்கு 500 விரும்பத்தக்கது, 2,500க்கு மேல் கூடாது என்பது இந்திய அளவுகோல். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்கும் ஆற்றில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு முழங்கால் நீரில் நிற்கும் தகப்பன்மார்களை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இதுவரை பேசியது ஓடும் நீர். மதுரைச் சீமையோ கண்மாய்ச் சீமை. கண்மாயில் விடுவது வேறு கணக்கு. ஆறு அழுக்கைக் கொண்டுபோய்விடும், கண்மாய் வைத்துக்கொள்ளும். அங்கே லிட்டருக்கு எவ்வளவு என்பதைவிட மொத்தம் எத்தனை கிலோ என்பதுதான் முக்கியம். நாளைக்கு ஒரு கோடி லிட்டர் நீர், அதில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்றால் நாளொன்றுக்கு 50 கிலோ. ஆண்டுக்கு 18 டன். அதில் பெரும்பகுதி வண்டலில் படிந்துவிடும், ஆகாயத்தாமரைக்கு உரமாகும். தாமரையை வாரிப்போட்டால் அடுத்த ஆண்டும் வருவது இதனால்தான். தீர்ப்பாயம் ஏரி, குளங்களில் விடும் நீருக்கு பாஸ்பரஸ் 1 மில்லிகிராம் என்று தனியாகச் சொன்னது இந்தக் காரணத்துக்காகவே. அப்போது 18 டன் மூன்றரை டன்னுக்குச் சற்று மேல் என்று இறங்கும்.

கண்மாயிலிருந்து வயலுக்குப் போகிறதே, உரம் நல்லதுதானே என்று ஒரு விவசாயி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் அவரும் வரப்பில் உட்கார்ந்து அதற்கும் கணக்குப் போட்டோம். ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்தில் 50 லட்சம் லிட்டர் நீர் என்று வைத்துக்கொண்டோம். நீரில் நைட்ரஜன் 40 மில்லிகிராம் என்றால், வயலுக்குள் போவது 200 கிலோ. பயிருக்குப் பரிந்துரைக்கப்படுவது ஏக்கருக்குச் சுமார் 60 கிலோ. பாதி நீர் மழையாக வந்தாலும் 100 கிலோ உள்ளே போய்விடும். அவர் உடனே தலையாட்டினார். “அதனால்தான் கருகருவென்று வளர்ந்து, கதிர் வாங்கும் நேரத்தில் படுத்துவிடுகிறது, பாதி பதராகப் போய்விடுகிறது.” நீரில் நைட்ரஜன் 10 என்றிருந்தால் 50 கிலோ, யூரியா வாங்கும் செலவே அவருக்கு மிச்சம். பயன்படுத்துகிறவர் யார் என்று பார்த்து வரம்பு வைத்தால் கழிவு உரமாகும். பார்க்காமல் வைத்தால் உரமும் கழிவாகும்.

பொதுத் தரப் பட்டியலில் பாசனத்துக்கு விடும் நீரில் பி.ஓ.டி. 100 வரை இருக்கலாம் என்று இருக்கிறது. மண் அழுக்கைத் தின்னும் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். வயலுக்கு அது சரியாக இருக்கலாம். வயலுக்குப் போகும் வழியில் கண்மாயில் மூன்று மாதம் நிற்கும் நீருக்கு அது சரியே இல்லை.

எண்ணை முடிவுசெய்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த எண் எப்போது, எப்படி அளக்கப்பட வேண்டும் என்று எழுதுவது. பலர் இதைச் சிறு விவரம் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பாதி வரம்பு.

வீடுகளில் காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை குளியல், துவையல், சமையல் எல்லாம் சேர்ந்து நடக்கிறது. அந்த அழுக்கு குழாய்களில் பயணம் செய்து நிலையத்தை அடைய நேரம் பிடிக்கும். நள்ளிரவுக்குப் பின் வருவது பெரும்பாலும் தெளிந்த நீர். அதனால் ஒரே ஒரு முறை கையால் முகந்த மாதிரி எதையும் நிரூபிக்காது. முகந்த நேரம்தான் விடையைத் தீர்மானிக்கும். நாள் முழுக்க மணிக்கொரு முறை எடுத்து, ஓட்டத்தின் அளவுக்கேற்ப கலந்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் கலவை மாதிரியே நம்பத்தக்கது. மலக்கிருமிக்கு மட்டும் கிருமி நீக்கிய புட்டியில் தனியாக, ஒரே முறையில் எடுக்க வேண்டும்.

அடுத்தது, 30 என்பது சராசரியா, உச்சவரம்பா? பள்ளித் தேர்வை நினைத்துக்கொள்ளுங்கள். தேர்ச்சிக்கு 35 வேண்டும். சராசரியாக 35 எடுக்கும் மாணவன் ஏறக்குறைய பாதித் தேர்வுகளில் தோற்பான். எப்போதும் தேற வேண்டியவன் 50ஐக் குறிவைத்துப் படிக்க வேண்டும். அதேபோல் எந்த நாளும் 30ஐத் தாண்டக்கூடாது என்றால், நிலையத்தைச் சராசரி 15 என்ற அளவில் ஓடும்படி கட்டி நடத்த வேண்டும். மாதச் சராசரி 30 என்று எழுதினால் சில நாட்களில் 50 போனாலும் சட்டப்படி சரி. ஒரே எண், இரண்டு வெவ்வேறு வரம்புகள்.

எண்ணுக்குப் பக்கத்தில் நீரின் அளவும் இருந்தே ஆக வேண்டும். 4 கோடியே 57 லட்சம் லிட்டரை 30 என்ற அளவில் விட்டால் நாளைக்கு 1,371 கிலோ. ஊர் வளர்ந்து அதே நிலையம் இரண்டு பங்கு நீரை விட்டால், லிட்டருக்கு 30 மாறாது. ஆற்றில் விழும் அழுக்கு இரண்டு பங்காகிவிடும். கிலோ கணக்கில் ஓர் உச்சவரம்பும் இருந்தால்தான் இது தெரியவரும். சிறு ஆலைகளும் சாயப்பட்டறைகளும் பாதாளச் சாக்கடையில் விடுவதற்கும் தனி வரம்புகள் உண்டு, பி.ஓ.டி. அங்கே 350. அதைக் கவனிக்காமல் விட்டால் நிலையத்து நுண்ணுயிர்களே செத்துப்போய், நாம் பேசிய எல்லா எண்களும் காகிதத்தில் நின்றுவிடும்.

இவை எல்லாம் சேர்ந்து எழுதப்படும் தாளின் பெயர் இசைவாணை. நீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்குவது. கட்டுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று. மாநகராட்சியும் வாங்கியாக வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து அதன் நகலைக் கேட்கலாம். கையில் கிடைத்ததும் எண்கள் உள்ள அட்டவணைக்கு ஓடாதீர்கள். முதலில் நீர் எங்கே விடப்படுகிறது என்ற வரியைப் பாருங்கள்: ஆறா, ஓடையா, கண்மாயா, வயலா. பிறகு நாளைக்கு எத்தனை லிட்டர் என்பதைப் பாருங்கள். பிறகு மாதிரி எடுக்கும் முறை. அதன் பிறகு அட்டவணை. கண்மாயில் விடப்படும் நீருக்கு பாஸ்பரஸ், நைட்ரஜன் வரிகள் இல்லை என்றால், ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள். ஆற்றில் விடப்படும் நீருக்கு 30 என்று இருந்தால், எத்தனை கனஅடி ஆற்று நீரை வைத்து அந்த 30 கணக்கிடப்பட்டது என்று கேளுங்கள். 17ஆம் பிரிவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

அந்த மாணவி இப்போது முதுகலை படிக்கிறாள். ஆய்வுக்காக ஆற்று நீரை அளக்கப் போகிறேன், எந்த நாளில் எடுக்கட்டும் என்று போன மாதம் கேட்டாள். சித்திரைத் திருவிழாவுக்காக அணையில் திறந்த நீர் நகரைக் கடந்துபோய், மணல் மீண்டும் தெரியத் தொடங்கி ஒரு வாரம் ஆன பிறகு எடு என்றேன். விடியும் முன்பு ஒரு புட்டி, நடுப்பகலில் ஒரு புட்டி. மாங்கனீசு சல்பேட்டை ஆற்றங்கரையிலேயே புட்டிக்குள் விட்டுவிட வேண்டும், கல்லூரி வரை கொண்டுவந்தால் கணக்கு மாறிவிடும்.